ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தால் என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

“பாண்ட் பணத்தைக் கட்டிட்டு ஒரிஜினலை வாங்கிட்டுப் போங்க.” வேலையை இடையில் விட்டு வந்த பலருக்கு இந்த வரி பழக்கம். பாண்ட் என்பது, இத்தனை காலம் வேலை பார்ப்பேன், இடையில் போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று சேரும்போது எழுதி வாங்கும் பத்திரம். சொல்பவர் ஐ.டி. கம்பெனி எச்.ஆராக இருக்கலாம், கல்லூரி நிர்வாக அலுவலராக (ஏ.ஓ.) இருக்கலாம், ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பரின்டென்டன்டாக இருக்கலாம், வரி மட்டும் மாறாது.

எனக்கு இது நடந்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். சேர்ந்த அன்றே பத்தாவது மார்க் ஷீட்டில் தொடங்கி எம்.இ. டிகிரி வரை எல்லாவற்றையும் ஒரு பிரவுன் கவரில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். செமஸ்டர் நடுவில் ராஜினாமா கொடுத்ததும் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். திரும்ப வாங்க ஏழு மாதம் ஆனது. அதில் முதல் ஐந்து மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு: ஃபோன் மேல் ஃபோன் போட்டேன், கரஸ்பாண்டென்ட் அறை வாசலில் காத்துக் கிடந்தேன், அரசியல் கட்சிக்காரர் ஒருவரைக்கூடப் பிடித்துப் பார்த்தேன், ஆனால் ஒரு வரி எழுத்தில் கேட்கவில்லை. எழுத ஆரம்பித்த பிறகு இரண்டே மாதத்தில் வேலை முடிந்தது. அதற்கப்புறம் நண்பர்கள் சிலருக்கும் கூட உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இருந்தாலும் வக்கீலிடம் போவதற்கு முன்னால் நீங்களே செய்து முடிக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

காசு கணக்கு வேறு, சர்டிபிகேட் கணக்கு வேறு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

நிறுவனம் இரண்டு விஷயங்களை வேண்டுமென்றே ஒன்றாகக் கட்டிவைக்கிறது. ஒன்று, நீங்கள் அவர்களுக்குப் பணம் தர வேண்டுமா என்பது. இன்னொன்று, உங்கள் சர்டிபிகேட் யாருடையது என்பது. முதல் கேள்வியில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். பாண்ட் என்றாலே செல்லாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில், மூன்று வருடம் முடியும் முன் வெளியேறினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக எழுதிய தொகை அத்தனையும் அப்படியே கிடைத்துவிடும் என்றும் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, பாண்டில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். உங்களுக்கு அவர்கள் கொடுத்த ‘ட்ரெயினிங்’ ஒரு பவர்பாயின்ட்டும் ஒரு காபியும் என்றால், 2 லட்சம் எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பாக்கிக்காக ஒருவரின் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறதே, நகைக் கடன் வைத்தவர்களுக்குப் புரியும், அது எல்லோருக்கும் கிடையாது. அதே சட்டத்தின் 171-ஆம் பிரிவு, பொதுவான பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையை வங்கி போன்ற ஒரு சிலருக்குத்தான் தருகிறது. அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை. “அப்படி ஒப்பந்தம் போட்டிருக்கோமே, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது, அந்தக் காகிதங்கள் விற்றுக் காசாக்கும் சரக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்விச் சான்றிதழ் சந்தையில் விலைபோகும் பொருள் இல்லை, அதை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உங்கள் எம்.எஸ்சி. மார்க் ஷீட்டை ஏலம் போட்டால் யார் வாங்குவார்கள்? உங்களைத் தவிர யாருக்கும் அது வெறும் காகிதம். அதனால்தான் அதைப் பிடித்து வைக்கிறார்கள், அதே காரணத்தால்தான் அது ஈட்டுப் பொருளாகவும் ஆகாது.

ஆகவே கடிதத்திலும் ஃபோனிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “பாண்ட் பணம் வேண்டுமென்றால் கோர்ட்டில் கேளுங்கள், அங்கே பதில் சொல்கிறேன். சர்டிபிகேட்டைக் கொடுங்கள்.” இரண்டையும் ஒரே பேச்சில் பேச ஆரம்பித்தால், பாதிப் பணம், தவணை, டிஸ்கவுன்ட் என்று பேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நான் ஐந்து மாதம் அங்கேதான் மாட்டிக் கிடந்தேன்.

ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால்

இன்னும் சொல்லவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முதல் வேலை, ஒரிஜினலை வெளியே எடுப்பது. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அல்லது டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பு, பிஎச்.டி. பதிவு, பாஸ்போர்ட், வங்கிக் கடன் என்று உண்மையான தேவை ஏதாவது வந்தால் அதைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொய்க் காரணம் வேண்டாம், பின்னால் அது உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். சில கல்லூரிகளில் ஒன்றை எடுக்க இன்னொன்றை வை என்பார்கள். டிகிரியை எடுத்துக்கொண்டு பத்தாவது மார்க் ஷீட்டை விட்டுவிட்டு வரும் பழக்கம் இருக்கிறது. வேறு வழியில்லை என்றால் டிகிரியை எடுங்கள். பள்ளி மார்க் ஷீட்டுக்குப் பின்னால் அலைவது கொஞ்சம் சுலபம்.

கையில் வந்ததும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பதிவு எண், வரிசை எண், வழங்கிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடிதத்திலும் புகாரிலும் இந்தத் தாள் தேவைப்படும்.

சர்டிபிகேட் அவர்களிடம்தான் இருக்கிறது என்பதற்கு ஆதாரம்

பாதி வழக்கு இங்கேதான் ஜெயிக்கிறது, தோற்கிறது. நாளைக்கு “நாங்க வாங்கவே இல்லையே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மீதி எல்லாம் உங்கள் வாய்ச்சொல். வாங்கிய அன்று ரசீது கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள்.

ரசீது இல்லையென்றால் இருக்கும் இடங்களில் தேடுங்கள். ஆஃபர் லெட்டரில் “ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும், நிறுவனத்தில் ஒப்படைக்கவும்” என்ற வரி இருக்கும். ஜாயினிங் ரிப்போர்ட்டில் டிக் அடித்த பட்டியல் இருக்கும். பாண்ட் பத்திரத்திலேயே ஒரு ஷரத்தாக இருக்கும், அது அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி. உங்களோடு சேர்ந்து ஒப்படைத்த சக ஊழியர்களின் சாட்சியும் ஒரு ஆதாரம்தான்.

ஒன்றுமே இல்லையா? அவர்களையே எழுத வையுங்கள். எச்.ஆருக்குச் சண்டை தொனி இல்லாமல் ஒரு மெயில்: “என் பி.இ. டிகிரியும் எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் உங்களிடம் உள்ளன. சரிபார்ப்புக்குத் தேவைப்படுகிறது. எப்போது வந்து பெற்றுக்கொள்ளலாம்?” இதற்கு “டியூஸ் கிளியர் பண்ணிட்டு வாங்க” என்று பதில் வந்தால், எரிச்சல்படாதீர்கள், கொண்டாடுங்கள். அந்த ஒரு பதிலில் சர்டிபிகேட் அவர்களிடம் இருப்பதும், பணத்துக்காகப் பிடித்து வைத்திருப்பதும் இரண்டுமே வந்துவிட்டன. வாட்ஸ்அப் பதிலும் செல்லும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள், ஃபோனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனி மெயிலில் நடந்த பேச்சு என்றால் கடைசி நாளுக்கு முன்பே உங்களுக்கு வந்த ஆஃபர் லெட்டர், எச்.ஆர். பதில்கள் ஆகியவற்றின் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் ரகசியக் கோப்புகள் பக்கமே போகாதீர்கள், புதிதாக ஒரு வம்பு.

வெளியேறும் விதம்

ஃபோனை ஆஃப் செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் சொல்லாமல் போனவர் என்ற பெயர் வந்துவிட்டால் ரிலீவிங் ஆர்டருக்கும் அனுபவச் சான்றுக்கும் தனியாக ஒரு போராட்டம் வரும். ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், கடைசி நாள் எது என்று தேதி போடுங்கள். நோட்டீஸ் பீரியடை முடிக்க முடிந்தால் முடியுங்கள், முடியாவிட்டால் அதற்கு ஈடான சம்பளத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள். லேப்டாப், ஐடி கார்டு, லைப்ரரி புத்தகம், ஆசிரியர் என்றால் இன்டர்னல் மார்க்கும் அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரும், எல்லாவற்றையும் ஒப்படைத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்று மாலையே “இன்று இவற்றை இன்னாரிடம் ஒப்படைத்தேன்” என்று மெயில். ராஜினாமாவை ஏற்க மாட்டோம் என்று சொல்லி யாரையும் உட்கார வைத்து வேலை வாங்க முடியாது. இழப்பீடு கேட்கலாம், ஆளைக் கட்டிப்போட முடியாது.

கடைசி மாதச் சம்பளமும் இதோடு சேர்ந்து தொங்கும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். சர்டிபிகேட் கடிதத்தில் கலக்காதீர்கள்.

முதல் கடிதம்

மெயிலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் டெலிவரிக்கு ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். எச்.ஆருக்கு மட்டும் இல்லாமல் நிர்வாக இயக்குநர் அல்லது தாளாளர் பெயருக்கும் ஒரு பிரதி. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்:

“நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உங்கள் நிறுவனத்தில் பணியாற்றினேன். சேரும்போது சரிபார்ப்புக்காகக் கீழ்க்கண்ட ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைத்தேன். (பட்டியல், பதிவு எண்களுடன்.) பணியிலிருந்து விலகிய பிறகும் இவை திருப்பித் தரப்படவில்லை. இவை என் சொந்தச் சொத்து. இவற்றைப் பிடித்து வைத்திருக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. உங்களுக்கு என்னிடமிருந்து ஏதேனும் தொகை வர வேண்டியிருப்பதாகக் கருதினால் அதற்கான சட்ட வழியை நீங்கள் நாடலாம். அப்படி ஒரு தொகை இருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் சான்றிதழ்களைத் திருப்பித் தரவும்.”

திட்டாதீர்கள், மிரட்டாதீர்கள், “என் வாழ்க்கையே போச்சு” என்று இரண்டு பக்கம் எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தை நாளைக்கு இன்ஸ்பெக்டரோ நீதிபதியோ படிப்பார். “அப்படி ஒரு தொகை இருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை” என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில் இல்லையென்றால் அடுத்தது வக்கீல் நோட்டீஸ். விஷயம் ஏறக்குறைய இதேதான், லெட்டர்ஹெட் மாறும், அவ்வளவு. ஆனால் அந்த லெட்டர்ஹெட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, கம்பெனியில் எச்.ஆர். மேஜையிலிருந்து அவர்கள் வக்கீல் மேஜைக்குக் கடிதம் நகரும், அந்த வக்கீலுக்குச் சட்டம் தெரியும். என் நண்பர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கட்டத்திலேயே கூரியரில் வந்துவிட்டது.

செலவுக்கு யோசிக்கிறவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வழக்கே போடாமல் எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைக்கும் வழியும் அங்கே இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு பேர் தெரியாமலே இருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான். நீதிமன்ற வளாகத்திலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தால் தாளாளரின் குரலே கொஞ்சம் மாறும்.

யாரிடம் புகார் கொடுப்பது

இது நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் தொழிலாளர் அலுவலரிடம் போய்ப் பயனில்லை. பழைய தொழில் தகராறு சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் ‘தொழிலாளி’ இல்லை என்று 1988-லேயே சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் போக வேண்டியது அண்ணா பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.க்கும். ஆசிரியர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று இரண்டு அமைப்புகளுமே கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கின்றன. இணைப்பு அங்கீகாரம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்பட வேண்டியது, அதனால் ஆய்வுக் குழு வரும் பருவத்தில் போகும் புகாருக்குப் பலம் அதிகம். புகாரிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: இந்தத் தேதியோடு நான் விலகிவிட்டேன், அந்தக் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்குங்கள் என்று. ஒரே ஆசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் கணக்கில் காட்டியிருப்பதாக 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது நினைவிருக்கும். உங்கள் சர்டிபிகேட் அலமாரியில் கிடக்கும்போது உங்கள் பெயர் எங்கெல்லாம் வேலை பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நர்சுகள் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலுக்கும் எழுதலாம். பாண்ட் முறையே கூடாது என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நிலைப்பாடு. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அட்டெஸ்டேஷனுக்கு (சான்றிதழ் உண்மை என்ற அத்தாட்சிக்கு) ஒரிஜினல் இல்லாமல் முடியாது என்பது ஆஸ்பத்திரிக்கும் நன்றாகத் தெரியும், விசா வந்த பிறகு பிடி இன்னும் இறுகும். ஆகவே நர்சுகள் மட்டும் விசா வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

ஐ.டி., பி.பி.ஓ., தொழிற்சாலை, கடை என்றால் தொழிலாளர் துறை. மேலாளர் பொறுப்பில் இருந்தவர்களிடம் அங்கேயும் கொஞ்சம் தயங்குவார்கள். எல்லோருக்கும் பொதுவாக, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளும், 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரியும் இருக்கின்றன. இவை தீர்ப்புச் சொல்லாது. ஆனால் மனு எண்ணோடு போலீசுக்கோ தொழிலாளர் துறைக்கோ கீழே அனுப்பி வைப்பார்கள், அந்த எண் இருந்தால் ஸ்டேஷனில் உங்களை உட்காரச் சொல்வார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில்

“இது சிவில் மேட்டர்ங்க, கோர்ட்டுக்குப் போங்க.” முதலில் இதைத்தான் சொல்வார்கள். நீங்கள் பாண்டைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தால் அது உண்மையிலேயே சிவில் மேட்டராகிவிடும். நம்பி ஒப்படைத்த என் பொருளைத் திருப்பித் தர மறுத்து, அதைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடி, பழைய ஐ.பி.சி. 406. ஐந்து வருடம் வரை தண்டனை உள்ள குற்றம். மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. வழக்கே பதியாவிட்டாலும் மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், எஸ்.ஐ. ஒரு ஃபோன் போடுவார். அவ்வளவுதான். அந்த ஒரு ஃபோனிலேயே பல கேஸ் முடிந்திருக்கிறது. ஆனால் “ஏதாவது பாதி பார்த்துக் கொடுத்துட்டு வாங்கிக்கோங்க தம்பி” என்று அவரே பஞ்சாயத்து செய்ய ஆரம்பித்தால், பணிவாக, “சார், பணத்துக்கு அவங்க வழக்கு போடட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று பழைய இடத்துக்கே வந்து நில்லுங்கள். ஸ்டேஷனில் மனுவே வாங்கவில்லை என்றால் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்.

கோர்ட்

கடைசி வழி, ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. குறிப்பிட்ட ஒரு பொருளைத் திருப்பிக் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம், 1963-ஆம் ஆண்டின் தனித்தீர்வுச் சட்டம் 7, 8 பிரிவுகள் அதற்குத்தான். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் சான்றிதழை உடனே தரச் சொல்லி இடைக்கால மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். காலக்கெடு மூன்று வருடம். “பார்த்துக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே போகிறவர்கள் இந்த மூன்றை மறந்துவிடுகிறார்கள்.

புது வேலைக்கு இப்போது என்ன காட்டுவது

டிஜிலாக்கரில் முதலில் பாருங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட் முதல் பல பல்கலைக்கழகங்களின் டிகிரி வரை அங்கே கிடைக்கிறது. வழங்கிய அமைப்பே ஏற்றிய ஆவணம் என்றால் அது சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது அப்படி இல்லை. இல்லாதவர்கள் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். புது நிறுவனத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அனுப்பிய நோட்டீஸின் பிரதியையும் காட்டுங்கள். இந்த ஊரில் எச்.ஆராக இருக்கும் யாருக்கும் இது புதுக் கதை இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று போலீசில் பொய்ப் புகார் கொடுத்து டூப்ளிகேட் வாங்குவது. சுலபமான வழி என்று பலர் சொல்லிக் கொடுப்பார்கள். தாசில்தார் கையெழுத்து வரை போகும் விஷயம் அது. ஒரிஜினல் தன் அலமாரியில் இருக்கிறது என்று நிறுவனம் ஒரு கடிதம் போட்டால், இத்தனை நேரம் அவர்கள் பக்கம் இருந்த தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

கையெழுத்துப் போட்ட வெற்று செக்

சர்டிபிகேட்டோடு இரண்டு செக்கும் வாங்கியிருப்பார்கள். செக் எண்களைக் குறிப்பிட்டு, இவை பாதுகாப்புக்காக மட்டும் கொடுத்தவை, இவற்றுக்கு எந்தக் கடனும் இல்லை, திருப்பித் தரவும் என்று நிறுவனத்துக்குத் தனிக் கடிதம் எழுதி, வங்கியிலும் ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டோம் என்று தூங்கிவிடாதீர்கள். செக்கைப் போட்டுத் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் (செக் பவுன்ஸ் வழக்கு) நோட்டீஸ் வரும், கிடைத்ததிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குள் வக்கீல் மூலம் பதில் போயாக வேண்டும். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தால் கதையே வேறு: அது அரசாங்கத்தின் சொத்து, உங்களுடையதுகூட இல்லை. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் போலீசுக்கும் நேராகப் போங்கள்.

வாங்கப் போகும் நாள்

ஒரு நாள் ஃபோன் வரும், வந்து வாங்கிக்கோங்க என்று. தனியாகப் போகாதீர்கள். மேஜையில் கவரை வைத்துவிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போனபோது நீட்டிய தாளில் “நிலுவைத் தொகையைக் கட்ட ஒப்புக்கொள்கிறேன்” என்று நாலாவது வரியில் இருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, “மேற்கண்ட சான்றிதழ்களை மட்டும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி, தேதி போட்டு, மொபைலில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். ஏ.ஓ. முகம் சுருங்கியது, ஒன்றும் சொல்லவில்லை.

கவரை அங்கேயே பிரித்து உங்கள் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நடு செமஸ்டர் மார்க் ஷீட் ஒன்று குறையும், அல்லது வேறு யாருடைய டி.சி.யாவது உள்ளே இருக்கும். எனக்குப் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்திருந்தார்கள். எம்.இ. டிகிரியின் இடது ஓரத்தில் இன்றைக்கும் இரண்டு ஓட்டை இருக்கிறது. எந்த இன்டர்வியூவிலும் அதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு, அப்புறம் “எந்தக் காலேஜ் சார்?” என்று ஒரு கேள்வி.